சுனைத் தண்ணி, டிஎன்ஏ டெஸ்ட்: வடசென்னையில என்கிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க

நான் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்ல மாலிக்குலர் செக்‌ஷன்ல இருக்கேன், வீடு தண்டையார்பேட்டை. எங்க தெருவுல யாராவது கோயில் குளம்னு மலைக்குப் போனா ஒரு பாட்டில் சுனைத் தண்ணியோட என் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. இன்னொரு பக்கம் எம்எஸ்சி மைக்ரோபயாலஜி ப்ராஜெக்டுக்கு ஊத்துத் தண்ணிய எடுத்துட்டு 16எஸ் (பாக்டீரியா பேர கண்டுபிடிக்கிற ஒரு ஜீன் டெஸ்ட்) பண்ணப்போறேன்னு வர பசங்க. ரெண்டு கூட்டமும் கேக்குற சந்தேகம் பாதிக்கு மேல ஒண்ணுதான். அதான் அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதில் போட்டிருக்கேன். முதல்ல இருக்கறது ஈஸி, போகப்போக பசங்களுக்கானது.

மெட்ராஸ்ல ஏதுக்கா சுனை? எந்த ஊத்துத் தண்ணிய டெஸ்ட் பண்றீங்க?

நம்ம பக்கம் மலையே இல்ல, அப்புறம் சுனை எங்கேருந்து வரும். வர சாம்பிள் எல்லாம் வெளியூர்தான், திருப்பதி ஆகாச கங்கை, அழகர்கோயில் நூபுர கங்கை, கொல்லிமலை, தடா பக்கம்னு யார் எங்க போயிட்டு வராங்களோ அது. பூமிக்கு அடியில இருக்க தண்ணி மோட்டார் போடாம தானா வெளிய வந்தா அது ஊத்து, அவ்ளோதான் விஷயம்.

ஆனா மணல்ல ஊறுற தண்ணி நமக்கு புதுசு கிடையாது. மின்ட் ஸ்ட்ரீட் பக்கம் ஏழு கிணறுன்னு ஒரு ஏரியாவே இருக்கே, 1772ல அங்கேருந்துதான் கோட்டைக்கு தண்ணி போச்சு. மழைத் தண்ணி மணல் வழியா இறங்கி சேர்ற இடத்துல கிணறு வெட்டி எடுத்தது. அந்த மாதிரி கிணத்துத் தண்ணிக்கும் கீழ சொல்ற டெஸ்ட் முறை எல்லாம் அப்படியே பொருந்தும்.

தண்ணி கண்ணாடி மாதிரி கீதும்மா, இதுல இன்னா பூச்சி இருக்கப் போவுது?

ஆயா, ஒரு மில்லி தண்ணியில பத்து லட்சம் பாக்டீரியா இருந்தாக்கூட கண்ணுக்கு கண்ணாடியாத்தான் தெரியும். கலங்கலா தெரியணும்னா அதுக்கும் மேல பல மடங்கு போகணும். ஒரு பாக்டீரியா சுமாரா ஒரு மைக்ரான், ஒரு மில்லிமீட்டர ஆயிரமா பிரிச்சா ஒரு பங்கு. நல்ல சுனைத் தண்ணியிலயே மில்லிக்கு ஆயிரக்கணக்குல, சில நேரம் லட்சக்கணக்குல இருக்கறது சாதாரணம். அதனால கண்ண வெச்சு முடிவு பண்ணாதீங்க, ருசிய வெச்சும் வேணாம்.

பாக்டீரியா இருக்குன்னாலே அது நோய்த் தண்ணிதானே?

கிடையாது. அதுல பெரும்பாலானதுங்க பாறையிலயும் மண்ணுலயும் தான்பாட்டுக்கு வாழுறதுங்க. இரும்ப தின்னுட்டு ஆரஞ்சு கலர்ல வழவழன்னு பாசி மாதிரி படியுற காலியோனெல்லா, அம்மோனியாவ நைட்ரேட்டா மாத்துறதுங்க, ஃப்ளேவோபாக்டீரியம், இப்படி. இதுங்களால நம்ம வயித்துக்கு ஒண்ணும் ஆவாது. மனுஷன், மாடு, குரங்கு கழிவுலேருந்து வந்து கலக்குறதுதான் பிரச்சனை. மலைக்கோயில்ல குரங்குக்கு பஞ்சமே இல்ல, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

தட்டுல வளர்த்துப் பாத்தா போதாதா, எதுக்கு டிஎன்ஏ வரைக்கும் போகணும்?

மைக்ராஸ்கோப்ல எண்ணுனா தண்ணியில ஒரு லட்சம் தெரியும், அதே தண்ணிய அகார் தட்டுல (பாக்டீரியாவுக்கு சாப்பாடு கலந்த ஜெல்லி) ஊத்தினா ஆயிரம் காலனிகூட (பாக்டீரியா பெருகி கண்ணுக்குத் தெரியுற புள்ளி) வராது, பல நேரம் 1 சதவீதத்துக்கும் கம்மி. இந்த வித்தியாசத்துக்கு 1985லயே பேர் வெச்சு எழுதிட்டாங்க. காரணம் என்னன்னா சுனைத் தண்ணியில சாப்பாடே கிடையாது, அதுல பழகினதுங்கள கொண்டுவந்து சத்து கொழகொழன்னு இருக்க நியூட்ரியன்ட் அகார்ல போட்டு 37 டிகிரியில வெச்சா அதுங்க எப்படி வளரும், மலைத் தண்ணியே 20 டிகிரிதான் இருந்திருக்கும். சத்து கம்மியா இருக்க ஆர்2ஏ அகார்ல 22, 25 டிகிரியில அஞ்சு நாள் ஒரு வாரம் விட்டா கொஞ்சம் கூட வரும், அப்பவும் எல்லாம் வராது.

டிஎன்ஏ வழியில போனா வளர்க்கவே வேணாம், தண்ணியில இருக்க எல்லாத்தோட டிஎன்ஏவையும் ஒட்டுமொத்தமா எடுத்து யார் யார்னு படிச்சுடலாம். ஆனா தட்ட தூக்கிப்போட்டுடாதீங்க, உசுரோட இருக்க ஒரு பாக்டீரியா கையில வேணும்னா இன்னிக்கும் தட்டுதான் வழி. குடிக்கலாமான்ற கேள்விக்கும் வளர்த்துப் பாக்குற டெஸ்ட்டுதான் முதல்ல, அத கீழ தனியா சொல்றேன்.

எல்லாரும் 16எஸ் 16எஸ்னு சொல்றாங்களே, அப்படி என்ன அதுல?

எல்லா பாக்டீரியாவுக்கும் புரோட்டீன் செய்யுறதுக்கு ரைபோசோம் வேணும், அதுல ஒரு பார்ட்டுதான் 16எஸ் ஆர்ஆர்என்ஏ. அதுக்கான ஜீன் சுமாரா 1,500 எழுத்து நீளம். அதுல சில பகுதி எல்லா பாக்டீரியாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், நடுநடுல வி1லேருந்து வி9 வரைக்கும் ஒம்போது பகுதி மட்டும் ஆளாளுக்கு மாறும். காசிமேட்டு போட்டுங்கள்ல ரிஜிஸ்டர் நம்பரோட முன்பாதி எல்லாத்துக்கும் ஒண்ணா இருக்கும், பின்னாடி வர நம்பர்லதான் எந்த போட்டுன்னு தெரியும்ல, அதுமாதிரி. மாறாத பகுதிய பிடிச்சு ப்ரைமர் (நகல் எடுக்க ஆரம்பிக்கிற இடத்துல ஒட்டுற சின்ன டிஎன்ஏ துண்டு) டிசைன் பண்றோம், மாறுற பகுதிய படிச்சு பேர் சொல்றோம்.

1977ல கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இந்த ஆர்என்ஏவ ஒப்பிட்டுப் பாத்துதான், பாக்டீரியான்னு நினைச்சிட்டிருந்த ஒரு கூட்டம் வேற வம்சம்னு சொன்னாங்க. அதுதான் இப்போ ஆர்க்கியா. சுனைத் தண்ணியில அதுவும் இருக்கும்.

பிசிஆர்னா கொரோனா டைம்ல மூக்குல குச்சி விட்டாங்களே அதுவா?

அதேதான், டிஎன்ஏவ நகல் நகலா பெருக்குற டெஸ்ட், ஆனா கொரோனா ஆர்என்ஏ வைரஸ்ன்றதால முதல்ல ஆர்என்ஏவ டிஎன்ஏவா மாத்துற ஒரு ஸ்டெப் கூட இருந்துச்சு. பாக்டீரியாவுக்கு நேரா டிஎன்ஏதான். 95 டிகிரியில ரெண்டு இழையையும் பிரிக்கணும், 55 பக்கம் இறக்கி ப்ரைமர ஒட்டவிடணும், 72ல நகல் எடுக்கணும், இப்படி 30 ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டுலயும் ரெட்டிப்பாகுது, கணக்குப்படி ஒண்ணு 100 கோடிக்கு மேல போயிடும். கேரி முல்லிஸ் 1983ல யோசிச்சது, 1993ல நோபல் குடுத்தாங்க.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச சமாச்சாரம், இந்த பிசிஆருக்கு ஊத்துத் தண்ணிதான் தாய்வீடு. 95 டிகிரியில நகல் எடுக்குற சாதாரண என்சைம் வெந்து போயிடும். அமெரிக்காவுல எல்லோஸ்டோன்ல இருக்க ஒரு வெந்நீர் ஊத்துலேருந்து தாமஸ் ப்ராக்கும் அவர் ஸ்டூடண்ட் ஹட்சன் ஃப்ரீஸும் 1960கள்ல பிரிச்சு எடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ்ன்ற பாக்டீரியாவோட என்சைம்தான் டாக் பாலிமரேஸ். ஊத்துத் தண்ணியில யார் இருக்கான்னு பாக்க ஊத்துலேருந்து வந்த என்சைமையே போடுறோம்.

எவ்ளோ தண்ணி கொண்டு வரணும், குடிச்சுட்டு வெச்ச பாட்டில் பரவால்லயா?

குடிச்ச பாட்டில் வேணவே வேணாம், உங்க வாய் பாக்டீரியாதான் ரிசல்ட்டா வரும். ரெண்டு தனி பாட்டில் கொண்டு வாங்க. ஒண்ணு லேப்ல குடுக்குற ஸ்டெரைல் பாட்டில், கழிவு கலந்திருக்கான்னு வளர்த்துப் பாக்குறதுக்கு, 200, 250 மில்லி போதும். இன்னொண்ணு டிஎன்ஏவுக்கு, குறைஞ்சது ஒண்ணு ரெண்டு லிட்டர், ரொம்ப சுத்தமான சுனைன்னா அஞ்சு லிட்டர்கூட. தண்ணி வெளிய வர வாயிலயே பிடிங்க, கீழ தேங்கி ஜனங்க கால் நனைக்கிற தொட்டியில முக்காதீங்க.

ஐஸ் பாக்ஸ்ல வெச்சு அன்னிக்கே கொண்டு வரது நல்லது, எப்படிப் பாத்தாலும் 24 மணி நேரத்துக்குள்ள. திருப்பதிலேருந்து பஸ்னா மாதவரத்துல இறங்கி ஈஸியா வந்துடலாம். தெக்கேருந்து வரவங்களுக்குத்தான் கஷ்டம், கிளாம்பாக்கத்துல இறங்கி ஊர குறுக்கால தாண்டி இந்தப் பக்கம் வரதுக்குள்ள ஐஸ் பாதி தண்ணியாயிருக்கும், தெர்மாகோல் பாக்ஸ்ல ஐஸ் பேக் எக்ஸ்ட்ரா போட்டுக்கங்க. சூடாயிட்டா வழியிலயே சிலது பெருகிடும், சிலது செத்துடும், அப்புறம் நீங்க படிக்கிறது சுனைய இல்ல, பாட்டில.

முடிஞ்சவங்க அங்கேயே ஃபில்டர் பண்ணிடுங்க. 0.22 மைக்ரான் ஓட்டை இருக்க வெள்ளை ஃபில்டர் பேப்பர், பெரிய சிரிஞ்ச்ல அழுத்தினா பாக்டீரியா மேல தங்கிடும். இரும்பு இருக்க ஊத்துன்னா பேப்பர் டீக்கறை மாதிரி பழுப்பாகும், நல்ல சுனைன்னா ரெண்டு லிட்டர் போனாலும் வெள்ளை வெளேர்னே இருக்கும். ஃபில்டர மடிச்சு ட்யூப்ல போட்டு ஃப்ரீஸ் பண்ணிட்டா டிஎன்ஏ பத்திரம். இன்னொரு சின்ன விஷயம், ரொம்ப பொடிசா இருக்க சில பாக்டீரியா கூட்டம் 0.22ல கூட நழுவி ஓடிடும், நிலத்தடி தண்ணியில அதுங்க நிறைய, அதுக்குன்னே பாக்குறவங்க 0.1 மைக்ரான் யூஸ் பண்ணுவாங்க.

நானோட்ராப்ல டிஎன்ஏ ஜீரோ காட்டுதுக்கா, ப்ராஜெக்ட் அவ்ளோதானா?

பதறாத. சுனைத் தண்ணியில டிஎன்ஏ கம்மியாத்தான் வரும், அந்த ரேஞ்சுல நானோட்ராப்னு டிஎன்ஏ அளக்குற மெஷின் சொல்ற நம்பர நம்பவே கூடாது. க்யூபிட் மாதிரி ஃப்ளோரசன்ஸ்ல அளந்து பாரு, இல்லன்னா நேரா பிசிஆர் போடு, கொஞ்சூண்டு டிஎன்ஏவுலயே ஜெல்ல ஓட்டினா 1,500 எழுத்து இடத்துல பேண்ட், அதாவது கோடு, வந்துடும்.

பேண்ட் வரலன்னா டிஎன்ஏ இல்லன்னு உடனே முடிவு கட்டாத. அந்த பழுப்பு ஃபில்டர்ல இருந்த இரும்பு, இலை மக்கின ஹ்யூமிக் ஆசிட் இதெல்லாம் கூடவே வந்து பாலிமரேஸ முடக்கிடும். டிஎன்ஏவ பத்து மடங்கு தண்ணி கலந்து நீர்க்கப் பண்ணி திரும்பப் போடு. நீர்த்ததுல பேண்ட் வந்து நீர்க்காததுல வரலன்னா இன்ஹிபிட்டர்தான்.

ஒரு காலனிய எடுத்து சீக்வென்ஸ் பண்றதும், தண்ணிய நேரா பண்றதும் ஒண்ணுதானே?

ரெண்டும் வேற வேற. தட்டுல வளர்ந்த ஒரே காலனின்னா சேங்கர் சீக்வென்சிங் (ஒரே வகை டிஎன்ஏவ எழுத்தெழுத்தா படிக்கிற முறை), 27எஃப் 1492ஆர் ப்ரைமர் போட்டு முழு ஜீனையும் படிச்சுடலாம், ஒரு பாக்டீரியாவுக்கு ஒரு பதில். தண்ணியிலேருந்து நேரா எடுத்த டிஎன்ஏவுல நூத்துக்கணக்கான ஜாதி கலந்திருக்கும், அத சேங்கருக்கு அனுப்பினா க்ரோமட்டோகிராம்ல (ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கலர்ல மலை மாதிரி வர கிராஃப்) பச்சை, சிவப்பு, நீலம், கருப்புன்னு எல்லா மலையும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறி ஒரு எழுத்தையும் படிக்க முடியாது. வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் இப்படி அனுப்பி காச விடுறாங்க.

கலவைக்கு இல்லுமினா மாதிரி மெஷின்ல ஆம்ப்ளிகான் சீக்வென்சிங் (பிசிஆர்ல பெருக்கின துண்டுங்கள தனித்தனியா படிக்கிறது) போகணும், பெரும்பாலும் வி4 இல்லன்னா வி3-வி4 மட்டும் படிப்பாங்க. துண்டு சின்னது, அதனால ஜீனஸ், அதாவது பேரோட முதல் பாதி வரைக்கும்தான் தைரியமா சொல்லலாம். நானோபோர்ல முழு 1,500 எழுத்தையும் ஒரே மூச்சுல படிக்கலாம், மெஷினும் உள்ளங்கை அளவுதான், எழுத்துப் பிழை கொஞ்சம் கூட வரும், புது கிட்ல அது குறைஞ்சுட்டே வருது.

ப்ளாஸ்ட்ல 99% வந்துடுச்சு, பேரு கன்ஃபர்ம்தானே?

ப்ளாஸ்ட்னா நம்ம சீக்வென்ஸ டேட்டாபேஸ்ல இருக்கறதோட ஒப்பிட்டுக் காட்டுற டூல். முதல் ஹிட்ட பாத்து பேர் எழுதுற பழக்கத்த விடுங்க. முதல்ல கவரேஜ், அதாவது உன் சீக்வென்ஸ்ல எவ்ளோ நீளம் மேட்ச் ஆச்சுன்னு பாரு, 400 எழுத்து மட்டும் மேட்ச் ஆகி 99% வந்தா பெருமைப்பட ஒண்ணுமில்ல. அடுத்து, மேட்ச் ஆனது டைப் ஸ்ட்ரெய்னா (அந்த ஸ்பீஷிஸுக்கு பேர் வெச்சப்போ ஆதாரமா வெச்ச கல்ச்சர்) இல்ல யாரோ ஏத்திவிட்ட தப்பான பேரான்னு பாரு, ப்ளாஸ்ட் தேடுற என்சிபிஐ டேட்டாபேஸ்ல யார் வேணா ஏத்தலாம், அதனால ஈஸ்பயோக்ளவுட் மாதிரி டைப் ஸ்ட்ரெய்ன வெச்சு ஒப்பிடுற இடத்துலயும் ஒரு தடவ போட்டுக்க.

முன்னாடி 97%க்கு மேலன்னா ஒரே ஸ்பீஷிஸ்னு ஒரு கணக்கு இருந்துச்சு, இப்போ 98.65%னு சொல்றாங்க. இதுக்கு கீழ போனா வேற ஸ்பீஷிஸ்னு சொல்லலாம், மேல இருந்தா ஒரே ஸ்பீஷிஸ்னு அடிச்சு சொல்ல முடியாது. முழு ஜீனோமையும் படிச்சு ஒப்பிட்டு 95, 96%க்கு மேல வந்தாத்தான் கன்ஃபர்ம். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல "சூடோமோனாஸ் வகை"ன்னு எழுதினா ஒண்ணும் மார்க் போயிடாது.

ரிப்போர்ட்ல இ.கோலை, ஷிகெல்லா ரெண்டும் போட்டிருக்கு, வீட்ல பயந்துட்டாங்க. சீதபேதி வந்துடுமா?

மேல சொன்ன 99% பிரச்சனைக்கு இதுதான் சரியான உதாரணம். இ.கோலை குடல்ல வாழுறது, ஷிகெல்லா சீதபேதி குடுக்குறது, ரெண்டுக்கும் 16எஸ் கிட்டத்தட்ட ஒண்ணே, மெஷினால பிரிச்சு சொல்ல முடியாம ரெண்டு பேரையும் சேத்துப் போட்டுடும். ஷிகெல்லா நிஜமாவே சந்தேகம்னா ஐபிஏஹெச்னு ஒரு ஜீனுக்கு தனி பிசிஆர் போடணும், அது ஷிகெல்லாவுலயும் அதே மாதிரி குடல குடையுற ஒரு வகை இ.கோலைலயும்தான் இருக்கும்.

ஆனா ஒண்ணு, அந்த பேர் வந்ததே கழிவு கலந்திருக்கலாம்னு ஒரு சிக்னல். ஷிகெல்லாவா இல்லையான்ற ஆராய்ச்சி முடியுற வரைக்கும் அந்தத் தண்ணிய யாரும் குடிக்க வேணாம்.

காலராவ 16எஸ்ல கண்டுபிடிச்சுடலாமா?

காலரான்னா எங்க ஏரியாவுல எல்லாருக்கும் தண்டையார்பேட்டை தொத்துநோய் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். 16எஸ் விப்ரியோன்ற வரைக்கும் கொண்டு விடும், காலரே, மிமிகஸ் ரெண்டுக்கும் நடுவுலயே தடுமாறும். அதுவும் விப்ரியோ காலரேன்னே வெச்சுப்போம், கடல் சேர்ற கழிமுகத் தண்ணியில விஷம் இல்லாத காலரே சாதாரணமாவே திரியும். நோயக் குடுக்குறது சிடிஎக்ஸ்ஏ மாதிரி நஞ்சு ஜீன் இருக்கறதுதான், அந்த ஜீனே ஒரு வைரஸ் கொண்டுவந்து உள்ள சொருகினது. அதனால அந்த ஜீனத் தேடித்தான் பிசிஆர் போடணும்.

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு கதை இருக்கு. 1992ல மெட்ராஸ்ல காலரா வந்தப்போ வழக்கமான காலரா வகைய அடையாளம் காட்டுற ஓ1 சீரம் அதோட ஒட்டவே இல்ல. வயித்துப்போக்கு அதே காலரா, கிருமியோட மேல்சட்டை மட்டும் வேற. அதுக்கு ஓ139னு நம்பர் குடுத்தாங்க, வங்காளம், பங்களாதேஷ்னு பரவுச்சு. மேல்தோல் சர்க்கரைய செய்யுற ஜீன் கூட்டம் மாறியிருந்துச்சு, 16எஸ்ல அதெல்லாம் தெரியவே தெரியாது. எந்த ஜீன பாக்குறோமோ அது சொல்றத மட்டும்தான் கேக்க முடியும்.

கொதிக்க வெச்ச தண்ணியிலயும் டிஎன்ஏ வந்துச்சே, அப்போ கொதிக்க வெச்சு பிரயோஜனம் இல்லையா?

பிரயோஜனம் இருக்கு, நல்லா தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா வயித்துக்கு கெடுதல் பண்ற பாக்டீரியா செத்துடும். செத்ததோட டிஎன்ஏ அங்கேயே கிடக்கும், பிசிஆருக்கு உசுரு இருக்கா இல்லையான்னு தெரியாது. உசுரோட இருக்கறத மட்டும் பாக்கணும்னா பிஎம்ஏன்னு ஒரு சாயம் இருக்கு, தோல் கிழிஞ்ச செல்லுக்குள்ள மட்டும் போய் டிஎன்ஏவோட ஒட்டிக்கும், லைட் அடிச்சா லாக் ஆயிடும், அப்புறம் பிசிஆர்ல அது வராது. ஃபுல் ப்ரூஃப் கிடையாது, ஆனா உதவும்.

ப்ளாங்க்ல பேண்ட் வந்துடுச்சுக்கா, யாருக்கும் தெரியாம விட்டுடவா?

விட்டா மாட்டிப்ப. ப்ளாங்க்னா சாம்பிளே போடாம ஓட்டுறது, அதுல எதுவும் வரக்கூடாது. எக்ஸ்ட்ராக்‌ஷன் கிட், பிசிஆர் தண்ணி, ஏன் டாக் என்சைம்லயே பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும், 2014ல இத தெளிவா காட்டி ஒரு பேப்பர் வந்து நிறைய பேர் தூக்கத்த கெடுத்துச்சு. ரால்ஸ்டோனியா, ப்ராடிரைசோபியம், தோல்லேருந்து வர க்யூட்டிபாக்டீரியம் இதெல்லாம் அடிக்கடி வர ஆளுங்க. சாம்பிள்ல டிஎன்ஏ கம்மியா இருக்கும்போது இதுங்க பெருசா தெரியும், சுனைத் தண்ணியில டிஎன்ஏ கம்மின்னு மேலயே பாத்தோம்.

அதனால வெறும் ஃபில்டர ஒண்ண ஆரம்பத்துலேருந்து கூடவே கொண்டுபோய் சீக்வென்ஸ் வரைக்கும் அனுப்பு. அதுல வந்த பேருங்கள சாம்பிள்லேருந்து கழிச்சுப் பாரு. கொல்லிமலைச் சுனையில க்யூட்டிபாக்டீரியம் அபூர்வமா இருக்குன்னு ஒரு போஸ்டர்ல பாத்தேன், அது மலையோடது இல்ல கண்ணு, உன் நெத்தியோடது.

40% சூடோமோனாஸ்னா லிட்டருக்கு எத்தனைன்னு எப்படி கணக்குப் போடுறது?

போட முடியாது. அது படிச்ச துண்டுங்கள்ல 40%, அவ்ளோதான். சில பாக்டீரியாவுக்கு 16எஸ் ஜீன் ஒரே ஒரு காப்பி, இ.கோலைக்கு ஏழு, சிலதுக்கு பதினஞ்சு கிட்ட. ஏழு காப்பி வெச்சிருக்கவன் ஒரு ஆளா இருந்தாலும் ஏழு ஆளா தெரிவான். எண்ணிக்கை வேணும்னா குறிப்பிட்ட ஜீனுக்கு க்யூபிசிஆர், அதாவது எத்தனை காப்பின்னு அளக்குற பிசிஆர் போடு.

ஒருதடவ நல்ல ரிசல்ட் வந்துட்டா எப்பவும் அப்படித்தானே?

ஐப்பசி மழைக்கு முன்னாடி எடுத்ததும் பின்னாடி எடுத்ததும் ஒண்ணா இருக்காது. மழை மேல கிடக்குறத எல்லாம் அடிச்சுக்கினு வந்து ஊத்துல விடும்.

கேன்ல நேச்சுரல் மினரல் வாட்டர்னு போட்டா அது சுனைத் தண்ணிதானா?

லேபிள்ல ஐஎஸ் (இந்தியன் ஸ்டாண்டர்ட்) நம்பர பாருங்க. 13428னா இயற்கை மினரல் வாட்டர், ஊத்து இல்லன்னா ஆழ்துளையில வந்தத பெருசா மாத்தாம அடைக்கணும். 14543னா பேக்கேஜ் பண்ண குடிதண்ணி, போர் தண்ணிய ஆர்ஓ போட்டு அடைச்சாலும் இதுதான். நம்ம வீட்டுக்கு வர 20 லிட்டர் கேன்ல இருக்கறது ரெண்டாவது, மினரல் வாட்டர்னு கூப்புடுறது நம்ம வாய்ப் பழக்கம். ரெண்டுலயுமே 250 மில்லியில இ.கோலை இருக்கக்கூடாது.

இவ்ளோ பேசுற, குடிக்கலாமா கூடாதா, ஒத்த வார்த்தையில சொல்லும்மா.

டெஸ்ட் ஆகுற வரைக்கும் கொதிக்க வெச்சு குடிங்க. தீர்த்தம்னு ஒரு சொட்டு தலையில தெளிச்சுக்கறதுக்கு யாரும் வேணாம்னு சொல்லப்போறதில்ல, கொழந்தைக்கு பால்பாட்டில்ல கலக்காதீங்க.

டெஸ்ட்டுன்னா ஐஎஸ் 10500 சொல்றதுதான் கணக்கு, 100 மில்லியில இ.கோலை ஒண்ணுகூட வரக்கூடாது. இதுக்கு டிஎன்ஏ தேவையே இல்ல, வளர்த்துப் பாக்குற டெஸ்ட், ஒண்ணு ரெண்டு நாள்ல முடியும், செலவும் கம்மி, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்லயே தண்ணி டெஸ்ட் பண்றாங்க. அவசரத்துக்கு ஹெச்2எஸ் பாட்டில்னு ஒண்ணு இருக்கு, தண்ணிய ஊத்தி வெச்சா கழிவு கலந்திருந்தா மறுநாளே கறுப்பாகும், ஆனா அது சந்தேகத்த காட்டும், முடிவ சொல்லாது. டிஎன்ஏ லிஸ்ட்ல முன்னூறு பேர் வந்தாலும் அதுல ஃப்ளோரைடு, நைட்ரேட், உப்பு, எண்ணெய் எதுவும் வராது. கொதிக்க வெச்சாலும் அதெல்லாம் போகாது. மீஞ்சூர் பக்கம் கடல் தண்ணி ஏறின கிணத்த பாத்தவங்களுக்கு இத சொல்லித்தரத் தேவையில்ல.

என் சாம்பிள்ல 96% தான் மேட்ச் ஆகுது, புது பாக்டீரியாவா? என் பேர வைக்கலாமா?

இருக்கலாம். முதல்ல சீக்வென்ஸ் சுத்தமா இருக்கான்னு பாரு, ரெண்டு பாக்டீரியா துண்டு பிசிஆர்ல ஒட்டி உருவாகுற கைமேராவா இருந்தா 96% காட்டி ஏமாத்தும். நிஜமாவே புதுசுன்னா ஜீனோம் முழுசா படிக்கணும், கொழுப்பு அமிலத்துலேருந்து எந்த சர்க்கரைய சாப்பிடுதுன்ற வரைக்கும் எழுதணும், உசுரோட இருக்க கல்ச்சர ரெண்டு வேற நாட்டு பேங்க்ல வைக்கணும். நம்ம நாட்டுல சண்டிகர்ல எம்டிசிசி, புனேல என்சிஎம்ஆர் இருக்கு. வெளிநாட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி தரமணியில இருக்க தேசிய பல்லுயிர் ஆணையத்தோட ரூல்ஸையும் பாத்துக்க. வளர்க்கவே முடியாததுக்கு ஜீனோம மட்டும் வெச்சு பேர் வைக்க 2022லேருந்து சீக்கோட்னு தனி வழி இருக்கு.

தன் பேர தானே வெச்சுக்கற வழக்கம் இல்ல, அடுத்தவங்க பேர வைக்கலாம். விண்வெளி நிலையத்து ஃபில்டர்ல கிடைச்ச ஒண்ணுக்கு 2017ல சோலிபேசிலஸ் கலாமின்னு நம்ம அப்துல் கலாம் பேரதான் வெச்சாங்க. உன் கைடு பேர வெச்சுடாத, வைவா வரைக்கும் ஐஸ் வெச்சான்னு பசங்க ஓட்டுவாங்க.